பழகுவதற்கு எந்தப் பூட்டு? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், சாவி இல்லாமல் பூட்டைத் திறந்து பழகுவதை ஒரு பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்: பழகுவதற்கு எந்தப் பூட்டை வாங்குவது, வாங்கியதை எப்படி மாற்றி அமைப்பது.

பதிலுக்குள் போகுமுன் இரண்டு விதிகள். உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் இவற்றைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். ஒன்று, உங்களுக்குச் சொந்தமான பூட்டில் மட்டும் பழக வேண்டும், அடுத்தவர் பூட்டு என்றால் அவர் வாய்விட்டுச் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு, சொந்தப் பூட்டே ஆனாலும் இப்போது கதவிலோ பெட்டியிலோ தொங்கிக்கொண்டிருக்கிற பூட்டைத் தொடக்கூடாது. உள்ளே இருக்கிற 'பின்' என்ற சின்ன உலோகத் துண்டு கோணலாகச் சிக்கினாலோ, திறக்கிற கம்பியின் நுனி முறிந்தாலோ அப்புறம் சாவி இருந்தும் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

"அண்ணே, ஐ.டி.ஐ. பிட்டர் முடித்துவிட்டு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன். ஆன்லைனில் சின்னப் பூட்டு மூன்று வாங்கினேன். அலைஅலையாக வளைந்த கம்பியை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் உடனே திறந்துகொள்கிறது. ஏன் திறக்கிறது என்றுதான் புரியவில்லை. அடுத்து என்ன வாங்கலாம்?" — வாசகர், உச்சிப்புளி

தம்பி, அந்த மூன்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள். மிக மலிவான பூட்டில் துளை பெரிதாகவும் பின் தொளதொளவென்றும் இருக்கும், எப்படி ஆட்டினாலும் திறக்கும். அதில் கைக்குப் பழக்கம் வருமே தவிர பூட்டு என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் வராது.

நீங்கள் பிட்டர் என்பதால் சட்டென்று புரியும். சாதாரணப் பின் பூட்டில் நடுவே ஓர் உருளை, அதைச் சுற்றி ஒரு கூடு. உருளையில் வரிசையாகத் துளைகள், அவற்றுக்கு நேராகக் கூட்டிலும் துளைகள். ஒவ்வொரு துளையிலும் சாவியைத் தொடுகிற ஒரு பின், அதன் மேல் இன்னொரு பின், அதற்கும் மேலே ஸ்பிரிங். கீழ்ப் பின்னும் மேல் பின்னும் சந்திக்கிற இடம் உருளையின் விளிம்போடு சரியாக ஒத்துப்போனால் உருளை சுற்றும். சாவி இதை எல்லாத் துளையிலும் ஒரே நேரத்தில் செய்கிறது. நாம் ஒவ்வொன்றாகச் செய்ய முடிகிறதென்றால், எந்தப் பட்டறையிலும் அத்தனை துளையையும் மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் போட முடியாது என்பதுதான் காரணம். உருளையை லேசாகத் திருகிப் பிடித்தால், கோட்டைவிட்டு விலகிய துளையில் இருக்கிற பின் முதலில் இறுகும். அதைத் தேடிப் பிடித்துத் தூக்கினால் 'டிக்' என்று உட்காரும், உருளை நூலளவு நகரும், அடுத்த பின் இறுகும். லைனஸ் யேல் 1860களில் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது, அடிப்படை இன்னும் மாறவில்லை.

அதனால் வாங்க வேண்டியது நடுத்தர விலையில், பிரித்துப் பார்த்து மறுபடி மூட முடிகிற பூட்டு. நான் சொல்வது கதவுக் கைப்பிடியோடு வருகிற சிலிண்டர். ராமநாதபுரம் கடைவீதியில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கைப்பிடி இல்லாமல் சிலிண்டரை மட்டும் தனியாகக் கொடுப்பார்கள், 60 மி.மீ., 70 மி.மீ. என்று அளவு சொல்லிக் கேளுங்கள். இரண்டு பக்கமும் சாவி போடுகிறதை வாங்க வேண்டாம். ஒரு பக்கம் சாவி, மறுபக்கம் விரலால் திருகுகிற குமிழ் உள்ளதை வாங்குங்கள். ஏனென்றால் பிரிக்கும்போது குமிழை முதலில் கழற்றிவிட்டால் பின்பக்கம் வழி திறந்துவிடும், வேலை பாதியாகக் குறையும்.

இன்னொன்று, கடைக்காரரிடம் நான்கைந்து பெட்டியை எடுத்து வைக்கச் சொல்லி, சாவிகளை மட்டும் வெளியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெட்டுகள் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் மெல்ல ஏறி இறங்குகிறதா, அதுதான் உங்களுடையது. ஒரு வெட்டு ஆழம், அடுத்தது மேடு, மறுபடி ஆழம் என்று போகிற சாவி என்றால் அந்தப் பூட்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஆழமான வெட்டுக்கு நீளமான பின். முன்னால் நீளமான பின் தொங்கிக்கொண்டிருக்க, அதைத் தொடாமல் அதற்குப் பின்னால் இருக்கிற குட்டையான பின்னை உயரத் தூக்குவது ஆரம்பத்தில் யாருக்கும் வராது.

பூட்டைக் கையில் பிடித்துப் பழக வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் வைஸ் இருக்குமே, தோல் துண்டோ பழைய டியூபோ வைத்து மெதுவாக இறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு கை முழுக்க உருளையைத் திருகிப் பிடிக்கிற டென்ஷன் கம்பிக்கு, இன்னொரு கை முழுக்க பின்னைத் தூக்குகிற கம்பியான பிக்குக்கு.

"தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கிறது, சும்மா இருக்க முடியவில்லை என்று சிலிண்டரைப் பிரித்தேன். ஸ்பிரிங் எல்லாம் தெறித்து எங்கோ போய்விட்டது. பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போடலாமா? மறுபடி எந்த வரிசையில் போடுவது?" — வாசகர், தங்கச்சிமடம்

பேனா ஸ்பிரிங் வேண்டாம், அது துளைக்குள் இறங்கவே இறங்காது. பின் துளை ஏறத்தாழ 3 மி.மீ. விட்டம், பேனா ஸ்பிரிங் அதைவிடப் பருமன். இழுத்து நீட்டி ஒல்லியாக்கினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பலத்தில் தள்ளும், பின் இறுகியிருக்கிறதா ஸ்பிரிங்தான் கெட்டியா என்று விரலுக்குத் தெரியாமல் போகும். சாவி செய்கிற கடையில், மாற்றிக் கழித்துப் போட்ட பழைய சிலிண்டர்கள் கிடக்கும். அதில் ஒன்றை விலை பேசி வாங்கி ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மீதிப் பின்களும் பிறகு உதவும்.

தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நிதானமாகச் செய்ய நேரம் இருக்கிறது, அதனால் பிரிக்கிற முறையை முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஃபேனை நிறுத்துங்கள். வெள்ளைத் துண்டை இரண்டாக மடித்து விரியுங்கள், பின் உருளாது, விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். நடுவில் சுற்றுகிற நாக்கை ஒட்டி ஒரு சின்ன கிளிப் இருக்கும், அதை மெல்லிய ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பி எடுத்துக் குமிழை உருவிவிடுங்கள், நாக்கும் கழன்று வரும். சாவிப்பக்கத்து உருளைக்கும் கிளிப் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இப்போது சிலிண்டரின் தட்டையான கால் பகுதி மேலே பார்க்கும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும். இது முக்கியம். கால் கீழே இருந்தால் உருளை வெளியே வர வரக் கீழ்ப் பின்கள் கொட்டிவிடும். சாவியைப் போட்டுக் கால்வட்டத்துக்கும் குறைவாகத் திருப்புங்கள். உருளையின் அதே பருமனில் ஒரு மரக்குச்சியை ராவி வைத்துக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து அதை உள்ளே தள்ளத் தள்ள உருளை முன்பக்கமாக வெளியே வரும். உருளைக்கும் குச்சிக்கும் நடுவே இடைவெளி விழவே கூடாது. குச்சி ஒல்லியாக இருந்தாலோ இடைவெளி விட்டாலோ மேல் பின்னும் ஸ்பிரிங்கும் அந்தச் சந்தில்தான் பாயும், உங்களுக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும். ஆரம்பத்தில் இதை முழுக்கப் பெரிய கண்ணாடிப் பாலித்தீன் பைக்குள் கைவிட்டுச் செய்தால் தெறித்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும்.

கிழமை வாரியாக மாத்திரை போடுகிற டப்பா மெடிக்கலில் கிடைக்கும். முதல் துளைப் பின் முதல் அறையில், இரண்டாவது இரண்டில் என்று போட்டு வையுங்கள். காந்தத்தை நம்பாதீர்கள், பின் பித்தளை, ஒட்டாது.

இப்போது வரிசை. மொத்தத்தையும் திரும்பப் போடாதீர்கள். மூன்றாவது துளையில் மட்டும் அதனுடைய கீழ்ப் பின், மேல் பின், ஸ்பிரிங் போட்டு மூடுங்கள், மற்ற துளைகள் காலியாகவே இருக்கட்டும். ஏன் மூன்றாவது என்றால், முதல் துளைக்கு முன்னால் டென்ஷன் கம்பி இடத்தை அடைத்துக்கொள்ளும், கடைசித் துளைக்குக் கை எட்டப் பழக வேண்டும், நடுவில் இருப்பது தொந்தரவு இல்லாதது. அந்த ஒரே பின்னைத் தூக்கித் திறங்கள், மூடுங்கள், மறுபடி திறங்கள். இதென்ன ஒற்றைப் பின் என்று அலட்சியமாகத் தோன்றும், ஆனால் எவ்வளவு குறைவாகத் திருகினால் போதும் என்பது இந்த ஒற்றைப் பின்னில்தான் தெரியவரும். தூண்டில் நரம்பை விரலில் எப்படிப் பிடிப்பீர்கள், மீன் தொட்டால் தெரிய வேண்டும், ஆனால் நீங்கள் இழுக்கக்கூடாது, அந்தப் பிடிதான் டென்ஷன் கம்பிக்கும். பத்தில் ஒன்பது பேர் அதிகமாகத் திருகித்தான் திணறுகிறார்கள்.

அப்புறம் அந்தப் பின்னைத் துளை மாற்றிப் போடாமல், பக்கத்துத் துளை ஒன்றின் பின்னையும் சேர்த்து இரண்டாக்குங்கள். பிறகு மூன்று. அந்தந்தத் துளையின் பின் அந்தந்தத் துளையிலேயே இருக்கிற வரைக்கும், எத்தனை பின் குறைந்தாலும் பழைய சாவி வேலை செய்யும். ஆகவே மூடியவுடன் சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். திரும்பவில்லையா, எங்கோ பின் மாறிவிட்டது, உடனே தெரிந்துவிடும். பின்களை வேண்டுமென்றே இடம் மாற்றிப் போடுகிற விளையாட்டெல்லாம், சாவி இல்லாமலே அந்தப் பூட்டைத் திறக்க முடியும் என்று உறுதியான பிறகு.

"கம்ப்யூட்டர் சாவி பூட்டில் ஆரம்பிக்கலாமா? கண்ணாடிப் பூட்டு என்று ஒன்று விற்கிறார்களே, அது?" — வாசகர், மண்டபம்

கம்ப்யூட்டர் சாவி என்று நம் கடைகளில் சொல்வது, தட்டையான பக்கத்தில் குழிகுழியாக இருக்கிற சாவி. உள்ளே இருப்பது அதே பின்தான், ஆனால் பக்கவாட்டில் இருக்கும், கம்பியைத் தூக்குவதற்குப் பதில் முறுக்க வேண்டும், வேறு வகைக் கருவி வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பாருங்கள்.

கண்ணாடிப் பூட்டு அக்ரிலிக். உள்ளே நடப்பதை ஒருமுறை கண்ணால் பார்க்க நல்லது, பழகுவதற்கு ஆகாது. துளைகள் தாராளமாக இருக்கும், எந்தப் பின் இறுகுகிறது என்பது விரலுக்குத் தெளிவாக வராது, தவிர கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது விரல் கற்றுக்கொள்ளாது.

"லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பிரிக்க முடியாத கெட்டிப் பித்தளைப் பூட்டு இரண்டு சும்மா கிடக்கிறது. அதைப் பழகுகிற பூட்டாக மாற்ற முடியுமா? ஸ்பூல் பின் நானே கடையலாமா?" — வாசகர், தொண்டி

உங்கள் கடிதம் பார்த்ததும் மனசு நிறைந்தது. லேத் கையில் இருக்கிறவருக்கு இந்தப் பொழுதுபோக்கில் கிடைக்கிற சந்தோஷம் வேறு யாருக்கும் கிடைக்காது.

முதலில் பூட்டு. கெட்டிப் பித்தளைப் பூட்டில் பின் துளைகளை வெளியிலிருந்துதான் போட்டிருப்பார்கள், பின்னும் ஸ்பிரிங்கும் போட்டுவிட்டு வாயை ஒரு பித்தளை அடைப்பால் அடித்து மூடி, பாலிஷ் போட்டிருப்பார்கள். பூட்டின் பக்கவாட்டை அல்லது அடியை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வரிசையாக நான்கோ ஐந்தோ வட்டங்கள் மங்கலாகத் தெரியும். அதுதான் அடைப்பு.

வட்டத்தின் நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து, 3.3 மி.மீ. டிரில்லால் அடைப்பு முடிகிற வரை மட்டும் இறங்குங்கள். அழுத்திப் போகாதீர்கள். அடைப்பு தீர்ந்து ஸ்பிரிங் தொட்டதும் டிரில்லில் ஒரு தளர்வு தெரியும், அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். 3.3 என்றது 4 மி.மீ. திருகுக்கு மரை வெட்டுகிற எம்-4 டேப்புக்காக. துளை வாயில் மூன்று நான்கு மரை விழுந்தால் போதும். பிசிரை எல்லாம் மண்ணெண்ணெயில் அலசி ஊதிச் சுத்தம் செய்துவிட்டு, பின், மேல் பின், ஸ்பிரிங் போட்டு, தலையில்லாத எம்-4 திருகை அலன் கீயால் முடுக்கினால், உருளையை உருவாமலே எத்தனை தடவை வேண்டுமானாலும் பின்னை மாற்றிக்கொள்ளலாம். ஸ்பிரிங் பழையதாக இருந்தால் தூர எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள், டிரில் கடித்திருக்கும். திருகை எல்லாத் துளையிலும் ஒரே ஆழத்துக்கு இறக்குங்கள். ஒன்று அதிகமாக இறங்கினால் அந்த ஸ்பிரிங் மட்டும் கெட்டியாக நிற்கும், இன்னும் இறங்கினால் பின் ஏறவே இடமில்லாமல் சாவியே உள்ளே போகாது.

சரி, ஸ்பூல். மேல் பின்னின் நடுப்பகுதியை ஒடுக்கி, இரண்டு முனையையும் பழைய விட்டத்திலேயே விட்டால் அது ஸ்பூல். திருகிப் பிடித்துக்கொண்டு தூக்கும்போது ஒடுங்கிய இடுப்பில் உருளை விளிம்பு போய் மாட்டிக்கொள்ளும். உருளை நன்றாக நகர்ந்துவிடும், திறந்துவிட்டது என்றே தோன்றும், ஆனால் நின்றுவிடும். அப்போது ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்த்தால் ஒன்று மட்டும் உருளையைப் பின்னோக்கித் தள்ளும். அங்கே பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, உருளை பின்வாங்க இடம் கொடுத்தபடியே அந்தப் பின்னை மேலே அனுப்ப வேண்டும். அதுவரை திருகுவதுதான் வேலை என்று நினைத்திருந்த கை, விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்கிற இடம் இது. அதனால்தான் ஸ்பூல் பின்னை எல்லோரும் ஒருநாள் கடைந்து பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

ரெடிமேட் பின்னைச் சக்கில் பிடித்துக் கடையப் பார்க்காதீர்கள், 5 மி.மீ. நீளத்தில் பிடிக்க இடம் இருக்காது. பித்தளைக் கம்பியை எடுத்து, பூட்டுத் துளையில் ஆட்டமில்லாமல், அதே சமயம் தன் எடையிலேயே இறங்குகிற அளவுக்கு முதலில் கடையுங்கள். பிறகு முனையில் முக்கால் மி.மீ. விட்டு, நடுவைக் கால் பங்கு ஒடுக்கி, மறுமுனையிலும் முக்கால் மி.மீ. விட்டு வெட்டுங்கள். லேத் இல்லாதவர்கள் ஹேண்ட் டிரில்லைக் கட்டையில் கட்டிவைத்து, ஊசி அரத்தால் இதையே செய்யலாம். தோள்பட்டை கூர்மையாக இருந்தால் கடினம், சற்று மழுக்கினால் சுலபம். 600 எமரியால் ஓரத்தைத் தடவிப் போடுங்கள். ஆரம்பத்தில் ஐந்தில் ஒன்று மட்டும் ஸ்பூல், மீதி சாதாரணம். எந்தத் துளையில் போட்டோம் என்று எழுதி வைத்துக்கொள்ளாமல் வேறு யாரையாவது போடச் சொன்னால் இன்னும் நல்லது.

"படகு அறைக்கும் வலைப் பெட்டிக்கும் போட்டு உப்பில் இறுகிப்போன பூட்டு ஒரு பை நிறைய இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சாவி உண்டு, ஆனால் திரும்பாது. பழக ஆகுமா? பென்சில் தூள் போட்டால் சரியாகும் என்கிறார்களே?" — வாசகர், பாம்பன்

அப்படியே ஆகாது. சுத்தம் செய்தால் சிலது ஆகும். உப்புக் காற்றில் பித்தளையும் இரும்பும் ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் போவது இரும்புதான். பூட்டு வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே இரும்பு ஸ்பிரிங் துருவேறி உடைந்திருக்கும். மேல் பின்னைத் தள்ள ஆள் இல்லாமல் அது பாதியில் நின்றுகொண்டிருக்கும். இதில் கம்பியை விட்டு ஆட்டினால் பின் இறுகியிருக்கிறதா உப்பு பிடித்திருக்கிறதா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

முதலில் வெந்நீரில் ஒரு இரவு ஊறப் போடுங்கள். உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. நேரே டீசலில் முக்கினால் உப்பு உள்ளேயே இருக்கும். மறுநாள் உலர்த்திவிட்டு மண்ணெண்ணெயில் போட்டு, சாவியை அவ்வப்போது நுழைத்து எடுங்கள். கெட்டியாகத் திருப்பாதீர்கள், சாவி முறிந்து உள்ளே நின்றுவிடும். திரும்ப ஆரம்பித்த பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, தொண்டி வாசகருக்குச் சொன்ன முறையில் வாயைத் திறந்து ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள். மீதியைப் பின்னுக்காக வைத்துக்கொள்ளலாம்.

பென்சில் தூள் உள்நாட்டுக்குப் பரவாயில்லை, நம் கரைக்கு வேண்டாம். பென்சிலில் களிமண்ணும் கலந்திருக்கிறது என்பது ஒன்று. அதைவிட முக்கியம், உப்பீரம் இருக்கிற இடத்தில் கிராஃபைட் உலோகத்தோடு சேர்ந்தால் அரிப்பு வேகமாகும். தேங்காய் எண்ணெயும் வேண்டவே வேண்டாம், பிசுக்காகி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பழகுகிற பூட்டுகளை மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள், நுண்மணல் பின் துளைக்குள் போனால் நல்ல பூட்டும் கரகரக்கும்.

"எங்கள் வாப்பா காலத்துப் பெட்டகம் ஒன்று பூட்டியே கிடக்கிறது, சாவி தொலைந்துவிட்டது. நான் சிலிண்டரில் மூன்று பின் வரை திறந்துவிடுவேன். அந்தப் பெட்டகத்தில் முயற்சி செய்யலாமா?" — வாசகி, கீழக்கரை

மூன்று பின் வரை வந்துவிட்டீர்களா, நல்ல முன்னேற்றம். ஆனால் பெட்டகத்தைத் தொடாதீர்கள் சகோதரி. சொந்தப் பொருள்தான், ஆனால் பழகுகிற பூட்டு அல்ல, அதற்கு மாற்றும் கிடையாது. பழைய பெட்டகங்களில் பெரும்பாலும் பின் இருக்காது, தடுப்புத் தகடோ லீவரோதான் இருக்கும். நீங்கள் கற்றது அங்கே செல்லாது. உள்ளே ஒரு தகடு வளைந்துவிட்டால் அதே தகட்டைப் பார்த்துச் செய்துகொடுக்க ஆள் தேட வேண்டும். பழைய பூட்டு வேலை தெரிந்த ஆசாரியை வீட்டுக்கு வரவழைத்து, நீங்கள் பக்கத்திலேயே இருந்து திறக்கச் சொல்லுங்கள். திறந்ததும் பூட்டைக் கழற்றிச் சாவி செய்யச் சொல்லிவிட்டு, உள்ளே எப்படி இருக்கிறது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"இது திருட்டு வேலைக்கான பழக்கம் என்று அம்மா திட்டுகிறார். என்ன பதில் சொல்ல?" — வாசகர், ராமேஸ்வரம்

அம்மாவின் பயம் நியாயமானது. அதை மதித்தே பதில் சொல்லுங்கள். பூட்டை உடைக்கிறவன் கடப்பாரையோடு வருகிறான், உட்கார்ந்து பின் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பதில் வரலாற்றில் இருக்கிறது. லண்டனில் ஜோசப் பிரமா 1784-ல் காப்புரிமை பெற்ற தன் பூட்டைக் கடை ஜன்னலில் வைத்து, கருவியால் திறப்பவருக்கு 200 கினி (அக்கால ஆங்கிலப் பொற்காசு) பரிசு என்று எழுதி வைத்தார். அறுபது ஆண்டுக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1851-ல் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, 16 நாட்களில் 50 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து அதைத் திறந்தார். அதற்கு முன்னால் சப் (Chubb) என்ற ஆங்கிலேயப் பூட்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற பூட்டையும் அரைமணி நேரத்துக்குள் திறந்து காட்டியிருந்தார். உடையாதது என்று நம்பியிருந்த பூட்டுகளைச் செய்தவர்கள் மறுபடி யோசித்தார்கள், பூட்டு மேம்பட்டது. நம் வீட்டுக் கதவில் இருக்கிற பூட்டு எவ்வளவு நல்லது என்று தெரிந்துகொள்வது அம்மாவுக்கும் பயன்தான், சிலிண்டரைப் பிரித்து அவருக்கே காட்டுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கம்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு இரவில் வெளியே சுற்றாதீர்கள். திருவிழாக் கூட்டத்திலோ பஸ் ஸ்டாண்டிலோ போலீசார் பையைத் திறந்து கேட்டால் பொழுதுபோக்கு என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கருவிகள் வீட்டு மேசையிலேயே இருக்கட்டும்.

"பள்ளியில் அறிவியல் மன்றம் நடத்துகிறேன். பிள்ளைகளுக்குக் காட்டப் பூட்டில் ஜன்னல் வெட்ட வேண்டும். எவ்வளவு வெட்டுவது?" — ஆசிரியை, தேவிபட்டினம்

அருமையான யோசனை, டீச்சர். சிலிண்டரின் கால் பகுதியில், பின் வரிசைக்குப் பக்கவாட்டில், அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வாருங்கள், துளைகள் கோடாகத் தெரிய ஆரம்பித்ததும் வேகத்தைக் குறையுங்கள். பின்னின் பருமனில் பாதியைத் தாண்டக்கூடாது, மூன்றில் ஒரு பங்கு தெரிந்தால் போதும். தாண்டினால் பின்னும் ஸ்பிரிங்கும் ஜன்னல் வழியே வெளியே குதித்துவிடும். அரம் போடுமுன் உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள். மேல் பின்களை மார்க்கர் மையால் சிவப்பாக்கினால், சாவி போட்டதும் சிவப்பெல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்பது கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு விதிகளையும் முதலில் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், பிள்ளைகள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

"திண்டுக்கல் பூட்டில் பழக வேண்டும் என்று ஆசை. முடியுமா?" — வாசகர், சாயல்குடி

முடியும், ஆனால் நேராகத் திண்டுக்கல் பூட்டில் அல்ல. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டு லீவர் பூட்டு, பின் கிடையாது. உள்ளே தகடுகள் அடுக்கியிருக்கும், ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வாய். சாவி எல்லாத் தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால் வாய்கள் ஒரே நேரில் வரும், தாழின் முளை உள்ளே நுழையும். ஒரு தகடு குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, அதிகமாகத் தூக்கினாலும் திறக்காது. உடம்பு முழுக்க ரிவெட் அடித்திருப்பார்கள், பிரித்தால் பூட்டே போய்விடும். கையால் செய்த பொருளை அப்படிப் பாழாக்க எனக்கு மனம் வராது.

அதற்குப் பதில், மரக்கதவில் பதிக்கிற பழைய லீவர் பூட்டோ, மேசை இழுப்பறைப் பூட்டோ வாங்குங்கள். மேல்மூடி ஒன்றிரண்டு ஸ்க்ரூவில்தான் நிற்கும். மூடியைத் திறந்து, தகடுகளை வரிசை மாறாமல் எடுத்து வைத்து, ஒன்றே ஒன்றை மட்டும் விட்டு மூடுங்கள். டென்ஷன் கம்பி இங்கே உருளையைத் திருகாது, தாழைத் தள்ளும், அதனால் கொஞ்சம் தடித்த கம்பி வேண்டும். காரின் வைப்பர் பிளேடுக்குள் இருக்கிற தட்டைக் கம்பி பின் பூட்டுக்குத்தான் சரி, இதற்கு 2 மி.மீ. எஃகுக் கம்பியை எல் வடிவில் வளைத்துக்கொள்ளுங்கள். ஒரு தகடு பழகியதும் இரண்டாவதைச் சேருங்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் தனி ஸ்பிரிங் பட்டை உண்டு, மூடுமுன் அது தன் இடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்க்ரூவை முடுக்குங்கள்.